அக்கா சாத்தாத கதவு

அண்ணாமலையார் கோயிலில் ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் எதிரே நிற்பது வல்லாள கோபுரம். அதன் அடியில் ஒரு முருகன் சந்நிதி இருக்கிறது. கோபுரத்திளையனார் என்று பெயர். மேலிருந்து குதித்தவரை முருகன் கையில் ஏந்திய இடம் இதுதான் என்பார்கள். குதித்தவர் அருணகிரிநாதர்.

கதை திருவண்ணாமலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதவர்களுக்கு 1964இல் வந்த ‘அருணகிரிநாதர்’ படம் சொல்லிக்கொடுத்துவிட்டது. டி.எம்.சௌந்தரராஜனே அதில் அருணகிரியாக நடித்துப் பாடினார். தாய் இறந்தபின் அக்காவின் வளர்ப்பில் வளர்ந்த பிள்ளை. வயது வந்ததும் தாசி வீடே கதி என்று கிடந்தான். அக்கா சேர்த்த பணம், நகை, வீட்டுப் பாத்திரம் எல்லாம் அந்த வழியில் போயின. ஒருநாள் உடம்பில் பெருவியாதி, அதாவது தொழுநோய், கண்டது. எந்த வீடுகள் அவனுடைய பணத்துக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தனவோ அவை மூடிக்கொண்டன. ஊரார் ஒதுங்கினார்கள். அவன் திரும்பிவந்த வீட்டில் அக்கா சோறு போட்டாள், புண்ணைக் கழுவினாள். அப்போதும் அவன் கேட்டது பணம்தான். கொடுக்க ஒன்றுமில்லாதவள், ‘பெண்தானே வேண்டும், நானும் பெண்தான்’ என்று சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லைத் தாங்கமாட்டாமல்தான் கோபுரத்தில் ஏறினான் என்று கதை சொல்கிறது.

சந்நிதியில் கும்பிடுகிறவர்கள் தாங்கிய கையை நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு எப்போதும் அந்த அக்காவின் நினைப்புதான். உருக்குலைந்து போன தம்பியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டவள் அவள்.

ஏறக்குறைய இதே கதையை இன்னொரு ஊரில் ஒருவர் தலைகீழாக எழுதினார். பிராகா நகரத்துத் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபிரான்ஸ் காஃப்கா. இயந்திரத்தில் விரலும் கையும் இழந்தவர்களின் மனுக்களைப் பார்ப்பது அவருடைய அன்றாட உத்தியோகம். 1912 நவம்பர், டிசம்பரில் எழுதி 1915இல் வெளிவந்த ‘உருமாற்றம்’ கதையில், துணி வியாபாரக் கம்பெனிக்காக ஊர் ஊராக அலையும் கிரிகோர் சாம்சா ஒரு காலையில் கண் விழிக்கும்போது பெரிய பூச்சியாகக் கிடக்கிறான். ஏன் அப்படி ஆனான் என்று காஃப்கா கடைசிவரை சொல்வதில்லை. ஒரு பாவமும் இல்லை, சாபமும் இல்லை. அட்டைப்படத்தில் அந்தப் பூச்சியை வரைந்துவிட வேண்டாம் என்று பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டுக்கொண்டார். அவருக்கு முக்கியம் பூச்சி அல்ல, அந்த வீடு.

அந்த வீட்டில் சம்பாதித்தவன் கிரிகோர் ஒருவனே. நொடித்துப்போன அப்பாவின் கடனை அவன்தான் அடைத்துவந்தான். தங்கை கிரேட்டேயை இசைப்பள்ளியில் சேர்க்க ரகசியமாகத் திட்டம் வைத்திருந்தான். உருமாறிய பிறகு முதலில் அவனைக் கவனித்தவளும் அந்தத் தங்கைதான். அவனுக்குப் பிடித்த பாலில் ரொட்டியைப் போட்டு வைத்தாள். அவன் தொடவில்லை என்றதும் பழைய காய்கறி, கெட்டுப்போன பாலாடைக்கட்டி என்று விதவிதமாகப் பரப்பிவைத்து எது பிடிக்கிறது என்று பார்த்தாள். நாள் போகப்போகச் சாப்பாட்டைக் காலால் தள்ளிவிட்டுப் போகிறவள் ஆனாள். அப்பா ஆப்பிள் பழங்களை எடுத்து வீசுகிறார். ஒன்று முதுகில் பதிந்து அங்கேயே அழுகுகிறது. வாடகைக்கு வந்த மூவர் முன்னால் அவள் வயலின் வாசிக்க, இசையில் இழுபட்டு அவன் வெளியே வந்துவிட்ட இரவில், இதை இனி வீட்டில் வைத்திருக்க முடியாது, எப்படியாவது ஒழித்துவிட வேண்டும் என்று முதலில் வாய்விட்டுச் சொல்பவளும் அவள்தான். விடியும் நேரத்தில் அவன் செத்துப்போகிறான். வீட்டு வேலைக்காரி பெருக்கி அப்புறப்படுத்துகிறாள். அப்பா, அம்மா, மகள் மூவரும் அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு டிராமில் ஏறி ஊருக்கு வெளியே காற்று வாங்கப் போகிறார்கள்.

வீட்டைக் காலி செய்தவனுக்கு அக்காவின் கதவு திறந்திருந்தது. வீட்டைத் தாங்கியவனுக்குத் தங்கையின் கதவு சாத்தப்பட்டது. கிரிகோரின் குடும்பத்தார் கொடியவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் கொண்டுவந்த சம்பளத்துக்கும் அவன்மேல் வைத்திருந்த பாசத்துக்கும் இடையில் கோடு எங்கே என்று அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. சம்பளம் நின்ற பிறகுதான் பார்த்தார்கள். நம் அக்காவின் கணக்குப் புத்தகத்தில் வரவே கிடையாது, ஆகவே நின்றுபோகவும் ஒன்றும் இல்லை. ஆனால் இதைச் சொல்லி அவளைக் கோயிலில் ஏற்றிவைப்பதிலும் எனக்குச் சம்மதமில்லை. அவள் வாயில் அந்தச் சொல்லை வரவைத்த நிலைமை எவ்வளவு கொடியது! தம்பி முனிவராகி ஊர் ஊராகப் பாடிப் போனபின் அவள் என்ன ஆனாள் என்று கதை கேட்பதில்லை.

காஃப்காவுக்கே ஒரு தங்கை இருந்தாள். ஓட்லா. 1917இல் அவருக்குக் காசநோய் என்று தெரிந்ததும், ச்யூராவ் என்ற கிராமத்தில் பண்ணை பார்த்துக்கொண்டிருந்த ஓட்லா அண்ணனைத் தன்னிடம் அழைத்துக்கொண்டாள். அங்கே அவர் பல மாதங்கள் தங்கினார். கடைசியில் நோய் குரல்வளையைப் பிடித்தது. பேச்சு போய், துண்டுக் காகிதங்களில் எழுதிக் காட்டிப் பேசினார். சாப்பிட முடியாமல் 1924 ஜூன் 3 அன்று வியன்னாவுக்கு அருகே இறந்தார். ஓட்லாவை 1943இல் நாஜிகள் அவுஷ்விட்ஸ் முகாமில் கொன்றார்கள். கதையில் தங்கையைக் கதவு சாத்துபவளாக எழுதியவருக்கு வாழ்க்கை வேறு மாதிரியான தங்கையைக் கொடுத்திருந்தது.

அருணகிரியின் கதை கோபுரத்தோடு முடியவில்லை. அவருக்கு இன்னொரு உருமாற்றமும் இருக்கிறது. பிரபுடதேவராயன் அவையில் இருந்த சம்பந்தாண்டான் அவர்மேல் பொறாமை கொண்டவன். அரசனுக்குப் பார்வை போனது. விண்ணுலகப் பாரிசாத மலர் வந்தால் பார்வை திரும்பும் என்றான் சம்பந்தாண்டான். அருணகிரி தம் உடலைக் கோபுரத்தில் கிடத்திவிட்டு, செத்த கிளி ஒன்றின் உடலுக்குள் புகுந்து பறந்தார். அவர் திரும்புவதற்குள் ‘ஆள் இறந்துவிட்டார்’ என்று சொல்லி உடலை எரித்துவிட்டார்கள். பூவோடு வந்த கிளிக்குத் திரும்பிப் போக உடல் இல்லை. கிளியாகவே கந்தர் அனுபூதியின் 51 பாடல்களையும் பாடிவிட்டு முருகன் கையில் போய் அமர்ந்தது என்பார்கள். அதே கோயிலில் இருக்கும் கிளி கோபுரத்தின் கதை இது.

கிரிகோர் உருமாறியதும் முதலில் போனது அவன் பேச்சு. கதவுக்கு உள்ளிருந்து அவன் கெஞ்சுவது வெளியே நிற்பவர்களுக்கு மிருகத்தின் சத்தமாகக் கேட்கிறது. அவனுக்கோ அவர்கள் பேசுவதெல்லாம் புரிகிறது. அந்தக் கதையிலேயே என்னை அதிகம் வதைப்பது இதுதான். திருவண்ணாமலைக் கதையில் உடம்பையே எரித்த பிறகும் பாட்டு மிஞ்சியது. நம் பழைய கதைகளில் உருமாறியவருக்கு எதையாவது மிச்சம் வைத்திருப்பார்கள். கார்க்கோடகன் கடித்து உருக்குலைந்து வாகுகனாக நின்ற நளனைத் தமயந்தி அவன் சமையலின் ருசியில் பிடித்துவிடுகிறாள். காரைக்கால் அம்மையார் கதையில் வரிசையே வேறு. அழகும் இளமையும் இருந்தபோதே கணவன் பரமதத்தன் அவரைக் கண்டு அஞ்சி, கப்பலேறிப் போய் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டான். புறக்கணிப்பு முதலில் வந்தது, பேய் வடிவம் பிறகு வந்தது. அதையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். உறவினர்கள் கும்பிட்டுவிட்டுப் பயந்து விலகினார்கள் என்கிறது பெரியபுராணம். கும்பிடுவதும் விலகுவதும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவை என்று சேக்கிழாருக்குத் தெரிந்திருக்கிறது.

இதில் வரலாறு எவ்வளவு? பிரபுடதேவராயன் பெயர் அருணகிரி பாடிய திருப்புகழிலேயே வருகிறது. அவர் விஜயநகரத்து இரண்டாம் தேவராயர் என்று கொண்டு, அருணகிரியை 15ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். அக்காவும் பெருவியாதியும் கோபுரமும் கிளியும் செவிவழி வந்தவை. பாடல்களே சிதறிக் கிடந்தன. ஒரு வழக்கில் சிதம்பரம் தீட்சிதர்கள் சான்றாகக் காட்டிய திருப்புகழ் அடிகள் வ.த.சுப்பிரமணிய பிள்ளையின் மனத்தில் தைத்துவிட்டன. நீதித்துறை உத்தியோகத்தில் இருந்துகொண்டே ஊர் ஊராக ஏடு தேடி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றை அச்சேற்றினார். இன்று நம் கையில் இருக்கும் 1,300க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு அவருக்கும் அவர் மகன் வ.சு.செங்கல்வராய பிள்ளைக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். திருத்தணிப் பாடல் ஒன்றில் அருணகிரி இருமலில் தொடங்கி நோய்களை வரிசையாக அடுக்கி, இவை என்னை அணுகாதிருக்க வேண்டும் என்று கேட்கிறார். தாளத்தோடு பாடுகிறவர்களுக்கு அது நோய்ப்பட்டியல் என்பதே மறந்துபோகும்.

கதையில் ஒரு முள் இருக்கிறது. தாசி வீட்டுக்குப் போனதால் பெருவியாதி வந்தது என்று அது சொல்கிறது. நோயைப் பாவத்தின் கூலியாக்கிவிட்டால் கதவைச் சாத்துவதற்கு ஒரு நியாயமும் கிடைத்துவிடுகிறது. 1954இல் வந்த ‘ரத்தக்கண்ணீர்’ இதே பாதைதான். எம்.ஆர்.ராதாவின் மோகனசுந்தரம் மனைவியைத் தள்ளிவிட்டு காந்தாவின் வீட்டில் பணத்தை இறைக்கிறான். நோய் வந்ததும் அவள் துரத்துகிறாள். கடைசியில் தனக்குச் சிலை வையுங்கள், மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்கிறான். ராதாவின் நடிப்புக்கு நானும் அடிமைதான். ஆனாலும் அந்தச் சிலை நம் தெருக்களில் கைநீட்டி உட்கார்ந்திருந்த எத்தனையோ பேர்மீது நிழலாக விழுந்தது. அவனைப் பார்த்துவிட்டு வந்த கண், அவர்களையும் ‘என்ன செய்தானோ’ என்றுதான் பார்த்தது.

தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டுபிடித்துவிட்டார். ஒழுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காஃப்காவைக் கொன்ற காசநோய்க் கிருமிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன் முறை. மிக மெதுவாக வளரும். தொற்றிச் சில ஆண்டுகள் கழித்தே தோலில் தேமல் காட்டும். பெரும்பாலோருடைய உடம்பு அதைத் தானாகவே விரட்டிவிடும். இந்தியாவுக்கு வந்த தொழுநோய் ஆணைக்குழு 1890, 91இல் நாடெங்கும் சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டாயமாகப் பிரித்துவைப்பதற்கு அவசியம் இல்லை என்றே சொன்னது. ஆனாலும் 1898இல் சட்டம் வந்தது. பிச்சையெடுக்கிற, பிழைக்க வழியில்லாத தொழுநோயாளியைப் போலீஸ் வாரன்ட் இல்லாமலே பிடித்து விடுதியில் அடைக்கலாம். கவனியுங்கள், ஏழையை மட்டும்தான். வீடும் வருமானமும் உள்ளவரைச் சட்டம் தொடவில்லை. அவரை வீட்டார் பார்த்துக்கொண்டார்கள்: புறக்கடையில் ஒரு கொட்டில், தனித் தட்டு, கல்யாணம் காட்சி என்றால் வெளியே வராதே என்ற கட்டளை.

சொத்திலும் அப்படித்தான். கடுமையான குஷ்டம் கண்டவருக்குக் குடும்பச் சொத்தில் பங்கில்லை என்று பழைய தர்ம நூல்கள் வைத்திருந்ததை ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்களும் பின்பற்றின. அது 1928இல் ஒரு சட்டத்தால் நீங்கியது.

பிறகு 1955. இந்த ஆண்டைப் பற்றி யோசிக்க யோசிக்க எனக்கு வியப்பு தீரவில்லை. தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் அந்த ஆண்டுதான் தொடங்கியது. வேலூருக்கு அருகே கரிகிரியில் ஆராய்ச்சி மருத்துவமனை அந்த ஆண்டுதான் வந்தது. பெல்ஜியத்திலிருந்து வந்த டாக்டர் ஹெமரிக்ஸ் போளம்பாக்கத்தில் மையம் அமைத்து, மரத்தடியில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். இந்து திருமணச் சட்டம் வந்ததும் அதே 1955இல். கணவனுக்கோ மனைவிக்கோ கடுமையான, குணமாகாத தொழுநோய் மூன்று ஆண்டுகளாக இருந்தால் விவாகரத்து கேட்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. அரசாங்கம் ஒரு கையால் மருந்து கொடுத்தது, மறு கையால் வீட்டாருக்குச் சாவி கொடுத்தது. 1976இல் சட்டத்தைத் திருத்தினார்கள். நோயைப் பட்டியலிலிருந்து எடுக்கப் போகிறார்களோ என்றால், மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதை எடுத்தார்கள்!

அதற்குச் சில ஆண்டுகளில் ரிஃபாம்பிசின், குளோஃபசிமின், டாப்சோன் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணம். முதல் சில வேளை மருந்திலேயே மற்றவருக்குத் தொற்றுவது நின்றுவிடும். ‘குணமாகாத தொழுநோய்’ என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. சட்டப் புத்தகத்தில் மட்டும் அது இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் 2016இல் நீக்கியது. 2019இல் ஒரே திருத்தத்தில் கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து என்று எல்லாருக்குமான 5 குடும்பச் சட்டங்களிலிருந்து தொழுநோய் எடுக்கப்பட்டது. அவற்றில் மூத்தது 1869ஆம் ஆண்டுச் சட்டம்.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் நின்று வடக்கே பார்த்தால் ஓடுகிற சாலை வேலூர் போகிறது. அந்தப் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1989 வரை திருவண்ணாமலையும் வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. தொழுநோய் மிகுந்த மாவட்டம் அது. கொல்லிமலையில் பிறந்து இங்கிலாந்தில் படித்த பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, மடங்கிப்போன கையுடைய ஒரு நோயாளி அவர் கையை இறுகப் பற்றினார். செத்த கை என்று நினைத்ததில் இவ்வளவு வலுவா என்று திகைத்தார் பிராண்ட். விரல்கள் அழுகி விழுவதில்லை, நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால் அடிபட்டும் சுட்டும் தேய்கின்றன என்று கண்டறிந்தார். இரவில் விரல்கள் குறைகின்றனவே என்று பார்த்தால், தூங்குகிறவர் விரலை எலி கடிப்பது தெரியவந்தது. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனையைக் கொடுத்தனுப்பினார்களாம்.

தசைநாரை இடம்மாற்றித் தைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை அவர் வளர்த்தெடுத்தார். கை சரியாகி ஊருக்குப் போனவர்கள் சிலர் முன்னைவிட மோசமான நிலையில் திரும்பிவந்தார்கள். பழைய கைக்குப் பிச்சை விழுந்தது. நிமிர்ந்த கைக்கு அதுவும் விழவில்லை. முகத்தில் நோயின் தடம் இருந்ததால் வேலையும் கிடைக்கவில்லை, வாடகைக்கு இடமும் கிடைக்கவில்லை. டாக்டர் கொடுத்தது பிச்சைக்கு உதவாத கை என்று அவரிடமே சொன்னார்கள். பிராண்ட் இதைத் தம் புத்தகத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதன் பிறகுதான் கைத்தொழில் கற்றுக்கொடுக்க நவஜீவ நிலையம் என்ற குடியிருப்பு கல்லூரி வளாகத்தில் எழுந்தது. கிரிகோர் ஒருவேளை பழைய உருவத்துக்குத் திரும்பியிருந்தால் அவன் வீட்டார் என்ன செய்திருப்பார்கள் என்று காஃப்கா எழுதவில்லை. வேலூரில் அதற்கும் பதில் கிடைத்துவிட்டது.

நாடு முழுவதும் 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே நோய் குறைந்துவிட்டது என்று 2005 டிசம்பரில் அறிவித்தார்கள். இருந்தும் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. உலகக் கணக்கில் பாதிக்கு மேல் நம்முடையது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தொழுநோயிலிருந்து குணமானவர்களும் உண்டு. வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் உதவித்தொகை கேட்டு வரிசையில் நிற்கும் உரிமை அவர்களுக்கும் இருக்கிறது. மாத்திரையை அரசு இலவசமாகத்தான் தருகிறது. அதை வாங்கத் தம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகாமல், பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்தான்.

அண்ணாமலையில் ஆளில்லாதவருக்குத் தெய்வமே ஆளாக வந்த கதை இன்னொன்றும் உண்டு. அருணகிரி குதித்த கோபுரத்துக்குப் பெயர் கொடுத்த ஹொய்சள அரசர் மூன்றாம் வல்லாளர் பிள்ளையில்லாதவர் என்கிறது தலபுராணம். மதுரைச் சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டு 1342 வாக்கில் கொல்லப்பட்ட அந்தக் கிழவரின் தோலை உரித்து, வைக்கோல் திணித்து, மதுரை மதிலில் தொங்கவிட்டதை இபின் பதூதா எழுதி வைத்திருக்கிறார். கொள்ளிவைக்க உடல்கூடக் கிடைக்காத அவருக்கு, ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி அண்ணாமலையார் மகனாக நின்று திதி கொடுக்கிறார். அடுத்த வாரம் அந்த ஆற்றங்கரைக்குப் போவோம்.